கதிர்மாறனின் கட்டளை

மயிலிட்டி
12.02.2024

அன்புள்ள குகதாசன் அண்ணைக்கு,

உங்களோடு இயக்கத்தில் இருந்த எமில்ராஜின் மனைவி ஸ்ரெல்லா எழுதுகிறேன். கொழும்புத்துறையில் உங்கள் தங்கச்சியிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த விலாசத்தை வாங்கினேன். அவவைக் கோபிக்க வேண்டாம்.

சண்டை முடிந்து பதினைந்து வருடமாகப் போகிறது. இவருக்கு மட்டும் முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் பதுங்குகுழி வெட்டி, கடலில் போகிற வள்ளங்களைக் கொப்பியில் எழுதுகிறார். உங்களிடம் ஒப்படைக்க இருபத்தொரு கொப்பி சேர்ந்துவிட்டது. சிலநேரம் எனக்குச் சிரிப்பு வரும். சிலநேரம் சுவரில் தலையை மோதலாம் போல இருக்கும்.

இப்போது காலில் பழைய காயம் சீழ் பிடித்திருக்கிறது. இரத்தத்தில் சீனி கூடின வருத்தமும் உண்டு. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "பொறுப்பாளர் சொல்லாமல் காவலை விடேலாது" என்கிறார். அந்தப் பொறுப்பாளர் நீங்கள்தானே. போனைத் தொடமாட்டார், ஒட்டுக்கேட்பார்களாம். காவலை விடச் சொல்லி நாலு வரி எழுதி அனுப்புங்கள்.

ஸ்ரெல்லா

பாரிஸ்
03.03.2024

தங்கச்சி ஸ்ரெல்லாவுக்கு,

இங்கே ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறேன். ஒருவன் இன்னமும் என் சொல்லுக்குக் காத்திருக்கிறான் என்று வாசித்ததும் வேலை ஓடவில்லை. கேட்டபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய இயக்கப் பெயரைப் போடவில்லை. விசா இன்னும் முடிவாகவில்லை, பயமாக இருக்கிறது.

குகதாசன்

மயிலிட்டி
25.03.2024

அண்ணை,

காரியம் கெட்டுவிட்டது. குகதாசன் யாரென்று அவருக்குத் தெரியாது. அந்தப் பெயர் எனக்கே உங்கள் தங்கச்சி சொல்லித்தான் தெரியும். இயக்கப் பெயரால் கதிர்மாறன் என்று மட்டுமே உங்களை அறிந்தவர். எதிரியின் வேலை என்று கிழித்துப் போட்டார். நான் விளக்கியதையும் நம்பவில்லை. என் தேத்தண்ணியையே நாய்க்கு ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார். பாதம் கறுத்துக்கொண்டு வருகிறது.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பெயரால்தானே இவரைக் காவலுக்கு நிறுத்தினீர்கள். அதே பெயரால் எழுப்பிவிடுங்கள்.

ஸ்ரெல்லா

மயிலிட்டி
30.04.2024

அண்ணை,

கதிர்மாறன் என்று ஒப்பமிட்ட கடிதம் வந்தது. அந்த ஒப்பத்தைக் கண்டதும் நொண்டிய காலோடு விறைப்பாக நின்றுதான் வாசித்தார். சண்டை எப்போது முடிந்தது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். உள்ளே வந்து, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

நான் சந்தோஷத்தில் அழுதுகொண்டே, அவர் ஆஸ்பத்திரியில் உடுக்கச் சாரமும் துவாயும் அடுக்கினேன். ஓட்டோ வந்தது. அவர் எழும்பவில்லை.

"முடிஞ்சுதெண்டால், இனி எனக்குக் கால் என்னத்துக்கு?" என்றார்.

டாக்குத்தரை வீட்டுக்கே கூட்டிவந்தேன், சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். மருந்தும் இல்லை, சாப்பாடும் இல்லை. இன்று காலை பங்குச் சுவாமியார் வந்து, சாகக்கிடப்பவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

காவலில் நின்றபோது என்னோடு சண்டை பிடிக்கவாவது உயிரோடு இருந்தார். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கேட்டது நான்தான்.

ஸ்ரெல்லா