பந்து படக் கூடாத சுவர்

இயேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி.

அன்புள்ள ஜென்சி அப்பாவுக்கு ரோசம்மாள் எழுதுவது. நான் நலம், மாத்திரை சாப்பிடுகிறேன். போனில் நீங்கள் அழுகிறீர்கள், நான் கத்துகிறேன், கட்டாகிவிடுகிறது. அதனால்தான் எழுதி, கத்தாருக்குக் கிளம்பும் பெலிண்டா வீட்டுக்காரரிடம் நார்த்தங்காய் ஊறுகாயோடு கொடுத்து விடுகிறேன்.

தெருமுனைக் காலி மனையில் குப்பையும் கொசுவும் போய் இப்போது தரை தெரிகிறது. டெங்குவில் நம் பிள்ளை போன பிறகுதான் எல்லாருக்கும் புத்தி வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து அனுசுயா என்ற பெண் நாலு பேரோடு வந்து, சுவரில் படம் வரைந்தால் யாரும் குப்பை கொட்ட மாட்டார்கள், பிள்ளைகள் விளையாடலாம் என்றது. ஜென்சி பந்து போடுகிற மாதிரியே வரைந்தது. நானும்தான் சரி என்றேன்.

இப்போது குப்பையும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

எதிர்வீட்டு பிரான்சி அக்கா முதலில் ஒரு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அதைப் பார்த்து ஒருவர் ஊதுபத்தி, ஒருவர் சூடம். செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார்கள். போன வாரம் ஒருத்தி பரீட்சை நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கணக்கில் பெயிலான நம் பிள்ளையிடம்!

அந்தச் சுவர்தான் பிள்ளைகளுக்கு ஸ்டம்பு. நம் தெரு ஆசீர் போட்ட பந்து படத்தில் ஜென்சி கன்னத்தில் பட்டுவிட்டதாம். அவன் அம்மா அவனை அடித்து என்னிடம் இழுத்து வந்து, அத்தை காலில் விழுடா என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளையே அடித்திருப்பேன். மறுநாளிலிருந்து எல்லாம் பஸ் போகிற ரோட்டில் விளையாடுகிறதுகள். நேற்று ஒரு ஆட்டோ உரசிக்கொண்டு போனது. இன்னொரு பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு இன்னொரு சுவர் தேடுவதா?

முகத்தின் மேல் வெள்ளை அடித்து மூன்று ஸ்டம்பு வரைந்துவிடலாம், ஆனால் அப்பா அம்மா இரண்டு பேரும் சொன்னால்தான் தொடுவேன் என்கிறது அனுசுயா. நீங்களோ எங்க ஜென்சி மேல யாரும் கை வைக்கக் கூடாது என்று தெரு குரூப்பில் வாய்ஸ் போடுகிறீர்கள்.

எனக்கு மட்டும் கல் மனசா? மெழுகைச் சுரண்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு தினமும் காலையில் அங்கே போய் நிற்பவள் நான்தான். அடக்கத்துக்கு உங்களால் வர முடியவில்லை, அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் தெரியும்.

பந்து போடுகிற கையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அழாமல் சொல்லுங்கள், நானும் கத்த மாட்டேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். மாதா உங்கள் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜென்சி அம்மா