வண்டியில் மூன்றாவது ஆள்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அச்சகத்தில் மூன்று கல்யாணப் பத்திரிகை, ஒரு கண்ணீர் அஞ்சலி. பிழை திருத்திக் கொடுத்தாயிற்று. வழக்கம்போல அஞ்சலியில்தான் பிழை கம்மி.

பகல் 12 மணிக்குக் கைபேசியில் போக்குவரத்து அபராதம். கூடவே படம். போன வியாழக்கிழமை, ஆம்பூர் பைபாஸ். குற்றம் இரண்டு:

1. இருசக்கர வாகனத்தில் மூவர்.
2. மூன்றாவது நபர் தலைக்கவசம் அணியவில்லை.

படத்தில் முன்னால் நான், ஹெல்மெட்டோடு. கடைசியில் என் மனைவி ஸ்டெல்லா, ஹெல்மெட்டோடு. நடுவில் என் பழைய ஜெர்கினை மாட்டி, அதன் தொப்பியை இழுத்துவிட்டு, சற்றே குனிந்த வாக்கில் ஒருவர்.

அவர் ஒரு மூட்டை. நாற்பது ஜோடி ஷூவுக்கான மேல்தோல். வீட்டில் கையால் தைத்துத் தர, ஷூ கம்பெனி ஏஜென்ட் பாபு ஸ்டெல்லாவிடம் கொடுத்தது. தோல் நனைந்தால் கறை. கறை விழுந்தால் பாபு வாங்கமாட்டார். ஆகவே அன்று நான் நனைந்தேன், மூட்டை நனையவில்லை. வீட்டில் இருக்கும் ஒரே ஜெர்கின் யாருக்கு என்பதில் ஸ்டெல்லாவுக்குக் குழப்பம் வந்ததே இல்லை.

இணையதளத்தில் இரண்டு வழி. பணம் கட்டலாம், அல்லது நீதிமன்ற விசாரணை கேட்கலாம். இரண்டாவதை அழுத்தினேன். ஊரார் பிழையையெல்லாம் திருத்துகிறவன், என்னைப் பற்றிய ஒன்றை எப்படி விடுவது.

நவ. 5, புதன்

விவரம் கேட்கப் போக்குவரத்துக் காவல் நிலையம். கான்ஸ்டபிள் நல்ல மனிதர்.

"ஆயிரம் ரூபா மேட்டர் சார். கட்டிட்டு போய்க்கினே இருங்க. கோர்ட்டுன்னா பேஜார்."

படத்தைக் காட்டினேன்.

"நடுவுல யாரு, மாமியாரா?"

"மூட்டை."

"மூட்டைக்கு எதுக்கு சார் ஜிப்பு?"

பதில் இருந்தது. நீதிமன்றத்தில் சொல்வதற்காக வைத்துக்கொண்டேன்.

நவ. 8, சனி

வாக்குமூலம் எழுதி முடித்தேன். மூன்று பக்கம். சாட்சியங்கள்:

ஜெர்கின்.
அதே அளவில் ஒரு மூட்டை.
வியாழனன்று நாற்பது ஜோடி கொடுத்ததாக பாபுவிடமிருந்து ஒரு சீட்டு.

மூன்றாவதில் சிக்கல். மா. 4 மணிக்குத் தைத்ததை வாங்க வந்த பாபுவிடம் கேட்டேன்.

"சீட்டா? நான் எந்த காலத்துல அண்ணே சீட்டு குடுத்தேன்?" என்றார். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "கம்பெனில வெளிநாட்டு பார்ட்டிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. ஒரு தையல்கூட கேட்டுக்கு வெளிய போவலன்னு. நீங்க கோர்ட்ல மூட்டைன்னு சொன்னா, எந்த மூட்டை, யார் குடுத்ததுன்னு வரும். அப்புறம் இந்த தெருவுக்கே வேலை வராது. அக்காவ கேட்டுக்கோங்க."

அக்கா ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆக, இல்லாத ஆள் அரசாங்கக் கணக்கில் இருக்கிறார். இருக்கிற மூட்டை எந்தக் கணக்கிலும் இல்லை. அச்சகத்தில் இப்படி ஒரு புரூஃப் வந்தால் முதலாளியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நவ. 9, ஞாயிறு

கோயிலில் இருந்து வரும் வழியில் ஸ்டெல்லா:

"ஆளுன்னே சொல்லிடுங்க. என் தங்கச்சின்னு சொல்லுங்க."

"உனக்குத் தங்கச்சியே இல்லையே."

"அதான் நல்லது. எவளும் வந்து என்ன ஏன் இழுத்தேன்னு கேக்க மாட்டா."

வீட்டு வாசலில் எதிர்வீட்டு வசந்தி. மூட்டை பிரிந்து போகும் ஐந்து வீடுகளில் ஒன்று அவளுடையது. அவள் மகள் நர்சிங் இரண்டாம் வருடம். தாயின் ஊசியில்தான் படிப்பு ஓடுகிறது.

"அண்ணா, நீங்க ரொம்ப படிச்சவரு. எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்க சோத்துல கைய வெச்சிடாதீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்று பக்கத்தையும் மடித்து அகராதிக்குள் வைத்தேன்.

நவ. 13, வியாழன்

விசாரணை 20-ம் தேதி. போகாமல் இருக்க முடியாதாம். போய், ஒப்புக்கொண்டு, கட்டிவிட்டு வரவேண்டியதுதான்.

தங்கைக்குப் பெயர் வேண்டும் என்றேன். "பிலோமினா," என்றாள் ஸ்டெல்லா. வயது நாற்பத்தொன்று. சித்தூரில் கட்டிக்கொடுத்தது. புருஷனுக்கு லாரி ஓட்டும் வேலை. சர்க்கரை உண்டு, பிலோமினாவுக்கு. இவ்வளவும் வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தேன்.

பாபு இரண்டு நாளாக அதிகம் பேசுவதில்லை. மூட்டை மட்டும் வருகிறது.

நவ. 20, வியாழன்

கோர்ட்டு. கா. 10 முதல் தாழ்வாரத்தில். பெஞ்சில் எங்களுக்கு அடுத்து ஒரு தாடிக்காரர், ஆடு வழக்கு. 12.30-க்குக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் ஒரு அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

"விசாரணை வேணும்னு கேட்டதே நீங்கதான். இப்ப ஒத்துக்கறேங்கறீங்க?"

"யோசித்துப் பார்த்தேன் அம்மா."

"மூணாவது ஆள் யாரு?"

"மனைவியின் தங்கை." பாடம் ஒப்பிப்பதுபோல் வந்தது.

"முகமே தெரியலையே. பேர் என்ன?"

"பிலோமினா."

பேனாவை எடுத்தார். எழுதப் போனவர் நிமிர்ந்து ஸ்டெல்லாவைப் பார்த்தார். "நீங்கதான் மனைவியா? வாங்கம்மா. இவங்க உங்க தங்கச்சியா?"

ஸ்டெல்லா படத்தை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இல்லைங்கம்மா. இது ஷூ."

பின்னால் சிரிப்பு. தாடிக்காரர்தான் அதிகம். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

ரேஷன் கார்டு, வங்கி, மகளின் பள்ளிக்கூட பாரம், எங்கே கேட்டாலும் இந்தக் கேள்விக்கு ஸ்டெல்லாவின் பதில் "வீட்லதான்".

"கையால ஷூ தைக்கிறேங்கம்மா. பதினாலு வருஷமா." கேட்காமலே இரண்டு கையையும் நீட்டினாள். நூலை இழுத்து இழுத்துச் சுண்டுவிரல் மடிப்பில் விழுந்த வெட்டு. அவ்வளவு வெளிச்சத்தில் நானும் பார்த்ததில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"எட்டு ஜோடி. கண்ணு நல்லா இருந்தா."

"யார் குடுக்கறாங்க?"

"கொண்டாந்து குடுப்பாங்கம்மா." பாபுவின் பெயரைச் சொல்லவில்லை.

அபராதம் ரத்து. என்னைப் பார்த்து மட்டும்: "பொய் சொல்ல வராதவங்க சொல்லக் கூடாது சார்." சரி என்றேன்.

பஸ் நிறுத்தத்தில் ஏன் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். ஐந்து வீட்டு வேலையைப் பற்றிப் பத்து நாளாக எனக்குச் சொன்னவள் அவள்.

"இல்லாதவ பேர எழுத அந்தம்மா பேனாவ எடுத்துட்டாங்க. எனக்கு தாங்கல."



நவ. 21, வெள்ளி

பாபு வரவில்லை. போன் அணைத்து வைத்திருக்கிறார். மழையும் இல்லை.

தைத்து முடித்த முப்பத்தெட்டு ஜோடி மூலையில். வாங்கிப்போக ஆளில்லை. அச்சகத்தில் ஒரு பத்திரிகையில் மணமகன் பெயரையே தவறவிட்டேன். முதலாளி திட்டவில்லை. கவலையாகப் பார்த்தார்.

நவ. 24, திங்கள்

தீர்ப்பின் நகல் கிடைத்தது. ஒன்றரைப் பக்கம். எழுத்துப்பிழை நான்கு. அப்படியே விட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா இரண்டு முறை படிக்கச் சொன்ன வரி: 'படத்தில் காணப்படுவது மூன்றாவது நபர் அல்ல, எதிரியின் மனைவியும் காலணித் தொழிலாளியுமான ஸ்டெல்லா என்பவர் தைப்பதற்காகக் கொண்டு சென்ற தோல் பொருள்.' எதிரி என்றால் நான்.

மா. 4. ஐந்து பெண்களும் வழக்கமான நேரத்துக்கு வந்துவிட்டார்கள். மூட்டை இல்லை என்று தெரிந்தும் வந்தார்கள். வசந்தியின் போனுக்கு பாபு பேசியிருக்கிறார். வேலை இனி பேரணாம்பட்டு பக்கம் போகிறதாம். முப்பத்தெட்டு ஜோடியை வேறு ஆள் வந்து எடுத்துக்கொள்வானாம்.

"ஆயிரம் ரூபா," என்றாள் வசந்தி. இந்த முறை சிரிக்கவில்லை. "ஆளுக்கு கொஞ்சம் போட்டு நாங்களே கட்டியிருப்போமே அக்கா. காலேஜுல இன்னா சொல்றது நான்?"

ஸ்டெல்லா எழுந்தாள். நகலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். வசந்தி பத்தாவது வரை படித்தவள். உதடு அசைய மெதுவாகப் படித்தாள். அந்த வரியில் விரல் நின்றது.

"காலணித் தொழிலாளின்னு போட்டிருக்கு."

"ஆமா."

மற்ற நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். வசந்தி தாளை என்னிடம் நீட்டினாள்.

"எங்க பேரு எங்க இருக்குது அண்ணா?"

வாங்கி, இரண்டாவது பக்கத்தைத் திருப்பினேன். முத்திரை, கையெழுத்து, தேதி.