நல்ல தண்ணி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று கை வழக்கம்போல எழுதிவிட்டது, அடித்துவிட்டேன். நீ நலமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், அது மட்டும் மாறவில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். உன் அண்ணிக்குக் குழந்தை தங்கவில்லை. ஏழாம் மாதம், பெண் குழந்தை. அண்ணி பிழைத்துக்கொண்டாள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். "பரீட்சை நேரம், புள்ளைக்கு இப்போ சொல்ல வேணாம்" என்று அம்மா தடுத்தாள், நானும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அடுத்த வாரம் கல்லூரிச் சுற்றுச்சூழல் மன்றத்தில் நம் தெருத் தண்ணீரைப் பற்றி மேடையேறிப் பேசப் போவதாக அண்ணனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாய், இனியும் மறைத்தால் அது உனக்கே கெடுதல்.

அண்ணியின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு நகராட்சி ஆட்கள் வந்து தெருமுனை அடிபம்பிலும் நம் வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்துப்போனார்கள். ஈயம் அடிபம்பில்தான், பாப்பா. நல்ல தண்ணி, நல்ல தண்ணி என்று தெருவே குடத்தோடு வரிசையில் நிற்குமே, அதில்தான். கிணற்றில் உப்பைத் தவிர ஒன்றுமில்லை. பம்புக்குப் பின்னால் பழைய பேட்டரி உடைக்கும் ஷெட் இருக்கிறதல்லவா, அதன் கழிவு வருஷக்கணக்காக மண்ணில் இறங்கியிருக்கிறது என்கிறார்கள். ஷெட்காரன் பூட்டைப் போட்டுவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான். லீவில் வந்தபோது நீ இரண்டு பாட்டிலில் பிடித்து, நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று உன் கையாலேயே எழுதி ஒட்டிக் கொண்டுபோனாய். உங்கள் கல்லூரிக் கருவி அன்றைக்கே சரியாகத்தான் காட்டியிருக்கிறது. "நல்ல தண்ணியில ஈயம்னு வருதுப்பா, லேபிளை மாத்தி ஒட்டிட்டேன் போல, மேடம் மறுபடியும் எடுத்துட்டு வரச் சொல்றாங்க, எதுக்கு, பேர்லயே தெரியுதே" என்று போனில் சிரித்தாய். பிளாஸ்டிக் ஒழிப்பு, சைக்கிள் ஊர்வலம் என்று மன்றத்து வேலையில் உனக்கு நிற்க நேரமில்லை. ஈயம் உப்புத் தண்ணியில்தான் இருக்கும், அதைத் தொடாதீர்கள் என்றாய், படிக்கிற பிள்ளை சொல்கிறாளே என்று தெருவில் யாரும் தொடவில்லை. அதுவரை அரிசி களையவும் காய் வேகவைக்கவும் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்த அண்ணி, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அதற்கும் பம்புக்கு நடந்தாள்.

இந்தக் கொஞ்ச மாதத் தண்ணீரால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படி உறுதியா சொல்ல முடியாதுங்க, நீங்க எல்லாரும் ரொம்ப வருஷமா குடிச்சிட்டுத்தானே இருக்கீங்க" என்றார். உன்னைத் தேற்றுவதற்காக இதை எழுதவில்லை, அவர் சொன்னதால் எழுதுகிறேன். அண்ணன் உன் பேச்சையே எடுப்பதில்லை, பஸ் டிப்போவில் ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்கு வராமல் அங்கேயே கிடக்கிறான். அண்ணி திட்டவில்லை, அழவும் இல்லை. நேற்று குடங்களையெல்லாம் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்து, "மெஷின் காட்டுனதை அவ ஏன் நம்பல மாமா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். எனக்குப் பதில் தெரியும், நாங்கள் வைத்த பேரை நீ நம்பினாய். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொல்லாமல், கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அதனால் நீயே அவளிடம் பேசு. செய்தி தட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. அவள் போனை வைத்துவிட்டால் மறுநாள் மறுபடி கூப்பிடு. மேடையேறுவதை நிறுத்த வேண்டாம், ஆனால் என்ன நடந்ததோ அதையும் சேர்த்தே சொல். படிப்பே வேண்டாம் என்று மூட்டை கட்டிக்கொண்டு மட்டும் வந்து நிற்காதே. உன் மேல் எனக்குக் கோபம் நிறைய இருக்கிறது, இருந்தாலும் நீ என் பிள்ளை, ராத்திரியில் உன்னை நினைத்துத்தான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், நோய் நொடியில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். அம்மாவும் அதையேதான் வேண்டிக்கொள்கிறாள்.

ஒன்று மறந்துவிடாதே. தெருவில் எல்லாருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், நீ ஒருத்திதான் பாக்கி. பேச்சு வந்த நாளிலிருந்து கிணற்றுத் தண்ணியை வாயில் வைக்காமல் நல்ல தண்ணிதான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் நீ. நாளைக்கே போய் இரத்தம் கொடுத்துவிட்டு எழுது. வந்ததை வந்தபடியே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா