தண்ணீர் கேன் தாங்கிய திரை

பிப்ரவரி 6, வெள்ளி

அம்மாவுக்குக் கல்யாணம்! எழுதிப் பார்க்கும்போதே எனக்குத் தலைகால் புரியவில்லை. பேக்கரியில் கல்லாவில் உட்காரும் அம்மா, தினமும் காலையில் பன் வாங்க வரும் பஸ் டிரைவர். பன் வாங்கி வாங்கியே மனிதர் அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டார். வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, ஞாயிறு வீட்டிலேயே பார்ட்டி. போட்டோ எடுக்கப் பின்னால் ஜம்மென்று ஒரு திரை செய்கிறேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 8

வேறென்ன வேண்டும் என்று அம்மாவைக் கேட்டேன். "நாலு பேரும் ஒரே போட்டோல இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்டி."

அம்மா, டிரைவர் சார், நான், நெட்டையன். என் தம்பியைத்தான் சொல்கிறேன். மூன்று பேருக்கு நான் பொறுப்பு. நாலாவது ஆள்?

பிப்ரவரி 9

நெட்டையனுக்குப் போன் செய்தேன். "வரேன்க்கா. சாப்பிடுறேன், போறேன். போட்டோவுக்கு மட்டும் கூப்பிடாத. அப்பா நின்ன எடத்துல இன்னொருத்தர் நிக்க, நான் பக்கத்துல இளிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

ஏன்டா இப்படிப் பேசுற? அப்பா போனப்ப எனக்கு மட்டும் அழுகை வரலையா? அதுக்காக அம்மா காலம்பூரா உம்முனு இருக்கணுமா? — போனை வைத்த பிறகுதான் இதெல்லாம் வாயில் வருகிறது. எப்போதும் இப்படித்தான் நான்.

பிப்ரவரி 11

கேக்குக்கு அடியில் வைக்கும் தங்க நிற வட்ட அட்டைகளை அம்மா ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். நூலில் கோத்து, நீலப் படுக்கை விரிப்பின் மேல் வரிசையாகத் தொங்கவிட்டேன். மின்விசிறியைப் போட்டால் மொத்தமும் சேர்ந்து மினுமினுக்கிறது! அம்மா வாயெல்லாம் பல்லாக அதன் முன்னால் நின்று, இப்படித் திரும்பி அப்படித் திரும்பி பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க பிரேம் துடைக்கிற எனக்குள் இப்படி ஒரு கைவேலை ஒளிந்திருக்கிறதென்று யார் கண்டது?

பிப்ரவரி 12

கையெழுத்து ஆயிற்று. அம்மா வெட்கப்பட்டாள். ஐயோ, அம்மா வெட்கப்பட்டாள்!

சில அட்டைகளில் கிரீம் ஒட்டியிருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் திரை முழுக்க எறும்பு ஊர்வலம்.

பிப்ரவரி 13

சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் நம்மை அடிப்பார். திரையை எதில் மாட்டுவது? டிரைவர் சார் வழி கண்டுபிடித்தார். அடியில் குழாய் வைத்த பெரிய தண்ணீர் கேன்கள் இரண்டு, ஒவ்வொன்றோடும் ஓர் ஒட்டடைக் கம்பைச் சேர்த்துக் கட்டி, மேலே குறுக்கே ஜன்னல் திரைக் கம்பி. "ரெண்டும் நெறஞ்ச கேன்மா. யானை வந்து முட்டினாலும் அசையாது." அவரும் அம்மாவையும் என்னையும் போலக் குள்ளம்தான். எங்கள் மூவரின் தலைக்கும் சற்று மேலே வரும்படி கம்பை அறுத்தோம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

யானை வரவில்லை. தாகம் வந்தது.

வந்தவர்களையெல்லாம் அம்மாவே உபசரித்தாள். "தண்ணி அங்க கேன்ல இருக்கு, குழாயைத் திறந்து பிடிச்சுக்கோங்க." எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நானும் இரண்டு டம்ளர் பிடித்துக் குடித்தேன், புத்திசாலி! பேக்கரி மாஸ்டர் கேமராவைத் தூக்கி "ரெடி" என்றாரோ இல்லையோ, திரை மெல்ல முன்னால் சாய ஆரம்பித்தது. அம்மா "ஐயோ!" என்றாள். கதவோரம் உர்ரென்று சாப்பிட்டுக்கொண்டிருந்த நெட்டையன் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். திரைக்குப் பின்னால் புகுந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான்.

"எடுங்க, சீக்கிரம் எடுங்க! எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கறது?"

யாராவது விட்டார்களா? ஒரு குடும்பம் போனால் அடுத்த குடும்பம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது.

பிப்ரவரி 18

போட்டோக்கள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் திரைக்கு மேலே பத்து விரல்கள், ஒரு கொத்து முடி. "பின்னாடி யாரு, பேயா?" என்று மாடிவீட்டு அக்கா கேட்டாள். முகம் தெரியக்கூடாதென்று முழங்காலை மடக்கி ஒளிந்திருக்கிறான் தடியன். அம்மாவும் டிரைவர் சாரும் நானும் நிற்கிற போட்டோவில் மட்டும் நிமிர்ந்திருக்கிறான். கண், மூக்கு, பாதிச் சிரிப்பு வரை தெரிகிறது. அம்மா விரல் வைத்து எண்ணினாள். "நாலு பேரும் இருக்கோம்டி!" கடையில் பிரேம் துடைக்கிற நான் இதற்கும் நல்ல பிரேமாகப் பார்த்துப் போட வேண்டும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. எங்கள் போட்டோ முடிந்ததும் டிரைவர் சார் கேனைச் சாய்த்து, மிச்சமிருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். நானும் எட்டிப் பார்த்தேன். நெட்டையனின் இரண்டு கையும் கம்பியிலேயே இருந்தன. அவர் எம்பி, டம்ளரை அவன் வாயருகே நீட்டினார். சாய்த்துவிட எட்டவில்லை. நெட்டையன் அவரை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு குனிந்து குடித்தான்.