அடுப்படிச் சுவரில் ஒரு பெருக்கல் குறி

ஏங்க,

நான் சேத்தியாத்தோப்புக்கு, தங்கச்சி மகள் வளைகாப்புக்குப் போகிறேன். ரசம் அடுப்பில் இருக்கிறது. நைட் ஷிப்டு முடிந்து காலையில் வந்ததும் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

பத்து மணிக்கு டைல்ஸ் ஒட்டுகிற கலியமூர்த்தி வருவார். குறி போட்டதை மட்டும் உடைத்து, புதிதாக ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

அடுப்புக்குப் பின்னால் நான் ஒட்டியதில் ஐந்து டைல்ஸுக்குப் பெருக்கல் குறி போட்டிருந்தீர்கள், பீங்கான் கம்பெனியில் கோணல் கப்புக்குப் போடுவது போலவே. "இது வூடா, ரிஜெக்ட் போடுற குடோனா?" என்று வேறு கேட்டீர்கள். கம்பெனியில்தான் நீங்கள் செக்கர். இங்கே அந்த வேலையை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

நேற்று நீங்கள் போனபிறகு, நீங்கள் கப்பைத் தட்டிப் பார்ப்பீர்களே, அப்படி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். என்னுடைய ஐந்தும் கோணல்தான், ஆனால் கெட்டியாக நிற்கின்றன. அந்தக் குறிகளை அழித்துவிட்டேன். மற்றவற்றில் ஒன்றில் மட்டும் உள்ளே காலியாக இருக்கிற சத்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை "நவுரு, நான் ஒட்டிக் காட்டுறேன்" என்று நீங்கள் ஒட்டியது அது. அதில் குறி போட்டிருக்கிறேன். உங்கள் கம்பெனிப் பென்சில் கிடைக்கவில்லை, என் கண்மைப் பென்சிலால் போட்டேன்.

கலியமூர்த்திக்கு டீ கொடுங்கள். சர்க்கரை வேண்டாம் என்பார்.

பானுமதி

பின்கதவுச் சாவி மாவு டப்பா மேல் இருக்கிறது.

கண்மை ஈரத்துணியில் போய்விடும். துணியை நனைத்துப் பிழிந்து மேடைமேல் வைத்திருக்கிறேன். கலியமூர்த்தி வருவது பத்து மணிக்குத்தான்.