உன் நிரையில் வெட்டிய செடிகள்

ஏலப்பாறை,
12-7-1974

அன்பு மாப்பிள்ளை கந்தப்பனுக்கு, ஆஸ்பத்திரியில் உன் பக்கத்துக் கட்டிலிலிருந்து முந்தி எழுந்து ஓடிவந்த மத்தியாஸ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். தையல் போட்ட இடம் மழைக்குக் குத்துகிறது, அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரி ராமுத்தாய் தானும் சுகம் என்று எழுதச் சொன்னாள். பொய். அவள் தூங்கிப் பத்து நாளாகிறது. கைப்பிள்ளையோடு உன்னிடம் வரவும் வழியில்லை. நீ வேலைக்குப் போர்த்திப் போகிற கம்பளி, ஆணியில் மாட்டிவிட்டுப் போனது, விடிந்து பார்த்தால் சொதசொதவென்று நனைந்திருக்கிறதாம். கூரை ஒழுகியிருக்கும் என்றேன். நானே போய்ப் பார்த்தேன், ஒழுகவில்லை. கம்பளியில் நறுக்கின தேயிலைக் குச்சி ஒட்டியிருந்தது.

ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் கவாத்து வெட்டு நடக்கிறது. காலையில் ஆள் இறங்குவதற்கு முன்பே உன் நிரையில், நீ வெட்டுகிற வரிசையில், செடிகள் வெட்டிக் கிடக்கின்றன. எல்லாம் இடது கைச் சாய்வு. இந்தத் தோட்டத்தில் உன்னை விட்டால் பீச்சாங்கைக்காரன் யார்? முதல் நாள் பத்துச் செடி. அப்புறம் ஆறு. நேற்று ஒன்றே ஒன்று, அதுவும் பாதியில். அங்கே அவனுக்கு மூச்சுக் குறையக் குறைய இங்கே செடி குறையுதுலே என்றார் கங்காணி குப்பண்ணன். வந்த கோபத்தில் அவரைக் கண்டபடி ஏசினேன். ஏசிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

உன்னிடம் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னை அனுப்பிய அன்று பெரிய டாக்டர் நம் இரண்டு பேர் எக்ஸ்ரே படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இருவருக்கும் கட்டி நெல்லிக்காய் அளவுதான். எனக்கு நுரையீரலின் ஓரத்தில். கொப்பைக் கழிப்பது போல அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். உனக்கு மூச்சுக்குழாய் பிரிகிற தூரில். அதனால்தான் இடப்பக்க நுரையீரல் முழுவதையும் எடுத்தார்கள். தூரில் வந்தவர்களில் பிழைப்பவர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள் என்றார். நாலு விரல் தள்ளி முளைத்திருந்தால் நீ இங்கே, நான் அங்கே. இதில் உன் குற்றமும் இல்லை, என் சாமர்த்தியமும் இல்லை.

நீ கஞ்சியைத் தள்ளிவிடுகிறாய் என்று நர்ஸம்மா எழுதியிருக்கிறார். எருமை, குடித்துத் தொலை! ராமுத்தாய் இப்போது கதவுக்குத் தாழ் போடுவதில்லை. எப்படி வந்தாலும் வரட்டும் என்கிறாள். எனக்கு அப்படி நீ வேண்டாம். இனி இந்த மாதிரி வராதே மாப்பிள்ளை, பயமாயிருக்கிறது. மிச்சமிருக்கிற மூச்சை அங்கேயே வைத்துக்கொள்.

என் அந்தோணியாரும் உன் கருப்பசாமியும் ஆளுக்கொரு கை பிடித்து உன்னை எழுப்பட்டும். பட்டப்பகலில் பஸ்ஸில் வந்து இறங்கு. பத்தடிக்கு ஒருதரம் உட்கார்ந்து, மூச்சு இரைக்க இரைக்க ஏறி வா. பாதி மேட்டில் நானும் இரைத்துக்கொண்டு நிற்பேன்.

உன்
மத்தியாஸ்