ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு குளம்

ஆய்வகத்து சர்வரின் தலையில் நீர் எழுதி ஒட்டிய காகிதத் துண்டு இன்னும் இருக்கிறது. 'இதுல கை வைக்காதீரும் வே.' இந்தப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கணினி பார்க்க நாம் இரண்டே பேர். யாருக்கு எழுதியது என்று விசாரிக்கத் தேவையில்லை.

நம் சண்டை ஆஸ்பத்திரிக்கே தெரியும். பெயரைச் சொன்னால் முகவரி சொல்லும் டி.என்.எஸ். வேலைக்கு ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரே இயந்திரம் போதும் என்பது என் கட்சி. ஒவ்வொரு சர்வரும் கேட்டறிந்த முகவரிகளைக் கொஞ்ச நேரம் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உமது கட்சி. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான உமக்கு எதையும் தண்ணீரை வைத்துத்தான் பேச வரும்.

"ஆத்துல எப்பவும் தண்ணி ஓடுது. பொறவு எதுக்கு வே ஊருக்கு ஊரு குளம் வெட்டி வச்சிருக்கான்?" என்பீர்.

"குளம்னா பாசி பிடிக்கும்லா?" என்பேன்.

பிடிக்கவும் செய்தது. ஒருமுறை வார்டு சர்வரின் முகவரியை மாற்றினோம். ஆய்வகத்தில் உமது குளம் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருந்ததால் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வார்டுக்குப் போய்ச் சேரவில்லை. நான் மாடி மாடியாகப் போய் "பாசி, பாசி" என்று பரப்பினேன். நீர் கோபப்படவில்லை. முகவரியை வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டு, "பாசிய எடுக்கணும் வே, குளத்தத் தூர்க்கக் கூடாது" என்று சொல்லி என் வடையையும் தின்றீர்.

நீர் போய்ச் சேர்ந்த பிறகு, எதிர்க்கட்சி இல்லாத தைரியத்தில் குளங்களையெல்லாம் தூர்க்க நாள் குறித்தேன். அந்தக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் தள்ளிப்போட்டேன். சோம்பல் என்றே வைத்துக்கொள்ளும்.

நேற்று நல்ல மழை. கரண்ட் வந்து வந்து போனதில் என் அருமை ஒற்றை இயந்திரம் படுத்துவிட்டது. அவசரப் பிரிவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். ஆய்வக முடிவுக்காக டாக்டர் காத்திருந்தார். ஆய்வகத்துக்கு ஓடினேன். நான் ஓடும் அழகு உமக்குத் தெரியும். அங்கே பொறுப்பிலிருக்கும் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரிசல்ட்டு அப்பவே போயிட்டுல்லா. நீங்க ஏன் அண்ணாச்சி இப்படி மூச்சு வாங்குதீய?"

என் இயந்திரத்தைத் தட்டி எழுப்பும்வரை உமது குளத்துத் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

தோற்றுவிட்டேன் என்று உடனே உம்மிடம் சொல்ல வேண்டுமே! பழக்கத்தில் போனை எடுத்து உமது எண்ணை அழுத்தினேன். என் மனைவியின் எண்ணையே உம்மிடம் கேட்டுக் கேட்டு வாங்கியவன் நான். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உம்முடையது ஒன்றுதான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

பழைய முகவரிதான். பாசிதான். அதில் மட்டும் நான் கை வைக்கமாட்டேன் வே.